மாநிலம் மாறினால் பட்டாளமும் மாறும்

அமெரிக்காவில் புயல், வெள்ளம், கலவரம் எது வந்தாலும் செய்தியில் ஒரு வரி வரும்: தேசிய காவல்படை வரவழைக்கப்பட்டது. நேஷனல் கார்டு என்பதைத்தான் தமிழில் அப்படி எழுதுகிறார்கள். 'தேசிய' என்று இருப்பதால் நம்ம ராணுவம் மாதிரி தலைநகரத்தில் ஒரே தலைமை, நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போஸ்டிங் என்று நினைச்சுக்குவோம். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனால் அந்தப் பெயரை நம்பினால் ஒன்றுமே புரியாது.

அது ஒரு படை இல்லை, 54 படைகள். 50 மாநிலங்களுக்கு 50, அதோடு வாஷிங்டன் டி.சி., புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், விர்ஜின் தீவுகள். மாநிலப் படைக்கு அந்த மாநில ஆளுநர்தான் தலைவர். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். நம்ம முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பாருங்க.) சேரும்போது எடுக்கும் உறுதிமொழியில் நாட்டின் அரசியலமைப்பும் வரும், மாநிலத்தின் அரசியலமைப்பும் வரும். 1933-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி மாநிலப் படையில் சேருகிறவர் அதே நேரத்தில் மத்திய ராணுவத்தின் ரிசர்விலும் ஓர் உறுப்பினர். ஜனாதிபதி கூப்பிட்டால் மத்திய ராணுவம், மற்ற நாளில் மாநிலப் படை. தன் மாநிலப் படையைப் பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று மினசோட்டா ஆளுநர் பெர்ப்பிச் போட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இந்த இரட்டை ஏற்பாட்டை வைத்துத்தான் மத்திய அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

இது முழுநேர வேலை இல்லை. மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு, வருஷத்துக்குச் சுமார் 15 நாள் முகாம். மீதி நாளெல்லாம் படிப்போ வேலையோ உங்க இஷ்டம். அதனால் நம்ம வயசுக்காரர்கள் நிறையப் பேர் சேருகிறார்கள், முக்கியமாக காலேஜ் ஃபீஸுக்காக.

இப்போ நீங்க ஓஹையோ மாநிலத்துப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்க. 18 வயசில் ஆறு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தீங்க. ஓஹையோ தன் காவல்படையினருக்கு அரசுப் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை முழுசாகக் கட்டுகிறது. டிகிரி முடிந்தது, டெக்ஸாஸில் டல்லாஸ் நகரத்தில் வேலை. நாலு வருஷம் முடிந்தது, ரெண்டு பாக்கி. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிடலாமா?

நீங்க ஆர்மி ரிசர்வில் இருந்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. அதுவும் பகுதிநேரம்தான், ஆனால் முழுக்க மத்திய அரசுடையது. ஒரே முதலாளி, கிளை மட்டும் மாறும். நம்ம டெரிட்டோரியல் ஆர்மியும் அப்படித்தான். தோனி கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருக்கிற அதே படை. பாதுகாப்பு நம் அரசியலமைப்பில் மத்தியப் பட்டியலில் வருவதால், தமிழ்நாட்டுக்கு ஒரு படை, கேரளாவுக்கு ஒரு படை என்ற பேச்சே கிடையாது. காவல்படையில் அப்படி இல்லை. ஓஹையோ உங்களை விடணும், டெக்ஸாஸ் உங்களை எடுத்துக்கணும். டிரான்ஸ்ஃபர் என்று பெயர், நடப்பது ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் சேருவது.

வழி இப்படி. முதலில் உங்க யூனிட்டில் சொல்லணும், கிளம்புவதற்கு முன்னாடியே. மாநிலம்விட்டு மாநிலம் மாற்றுவதைக் கவனிக்க இரண்டு பக்கமும் ஒருங்கிணைப்பாளர் உண்டு. ஓஹையோ ஆள் உங்க ஃபைலை டெக்ஸாஸ் ஆளிடம் தருவார். மருத்துவப் பரிசோதனை, உடற்தகுதித் தேர்வு எல்லாம் நடப்பில் இருக்கணும். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் ஃபைல் அங்கேயே நின்னுடும்.

ஆனால் உண்மையான இழுபறி காலியிடத்தில்தான். பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் குறியீடு உண்டு. நீங்க புல்டோசர் ஓட்டப் பயிற்சி எடுத்தவர் என்றால், டல்லாஸ் பக்கத்தில் அந்த வேலை இருக்கிற யூனிட் வேணும், உங்க ரேங்குக்கு அதில் இடமும் வேணும். பக்கத்தில் இருப்பது காலாட்படையாகவோ மருத்துவ யூனிட்டாகவோ இருந்தால் ரெண்டு வழி: பல மணி நேரம் வண்டி ஓட்டித் தூரத்து யூனிட்டுக்குப் போவது, இல்லை புதுத் தொழிலுக்கு மறுபடி பயிற்சி எடுப்பது. பயிற்சி வாரக்கணக்கில் போகும். புது ஆபீஸில் சேர்ந்த உடனே அவ்வளவு லீவு கேட்க வேண்டி வரும், யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் முடிகிற வரை நீங்க ஓஹையோ ஆள்தான். இங்கேதான் பசங்க மாட்டிக்கிறாங்க. ஊரே மாறியாச்சு, இனி அவங்களே புரிஞ்சுக்குவாங்க என்று விட்டுடறாங்க. கணக்கைப் பாருங்க. ஒரு சனி ஞாயிறு என்பது நாலு பயிற்சி நேரம். ராணுவ விதிப்படி ஒரு வருஷத்துக்குள் அனுமதியில்லாமல் ஒன்பது தவறினால் 'திருப்தியற்ற பங்கேற்பு'. முதல் மாதம் நாலு, ரெண்டாவது மாதம் எட்டு, மூன்றாவது மாதம் ஞாயிறு வரைகூடப் போக வேண்டாம், சனிக்கிழமை காலையிலேயே ஒன்பது. அதற்குமேல் மோசமான சான்றோடு வெளியே அனுப்பப்படலாம். அந்தச் சான்று பின்னாடி அரசு வேலைக்குப் போனால் கண்ணில் படும். இத்தனைக்கும் முன்கூட்டியே கேட்டிருந்தால், டல்லாஸ் பக்கத்து யூனிட் ஒன்றில் தற்காலிகமாகப் பயிற்சி எடுத்து அதை ஓஹையோ கணக்கில் சேர்க்க கமாண்டர் அனுமதி தரலாம். ஒரு மெயில் அனுப்புகிற வேலை.

பணம்? யார் கொடுத்தாங்க என்று பாருங்க. மான்ட்கோமரி ஜி.ஐ. பில் கல்வி உதவி மத்திய அரசுடையது, படையில் ஒழுங்காகத் தொடர்கிற வரை கூடவே வரும். மாநிலம் கட்டும் ஃபீஸ் எல்லையிலேயே நின்னுடும். ஒப்பந்தம் முடியாமல் விலகினால் திருப்பிக் கட்டு என்கிற விதியும் இருக்கலாம், ஓஹையோ ஃபீஸில் படிக்கிற டிகிரி இன்னும் பாக்கி இருந்தால், அதை முடிச்சுட்டுக் கிளம்புவதே லாபம். சேரும்போது வாங்கிய போனஸ் நிற்குமா என்பதில், புது மாநிலத்திலும் அதே தொழிலில் தொடர்கிறீங்களா என்பது முக்கியம்.

மாணவர் விசாவில் எம்.எஸ். போகிற நமக்கு இந்த ஃபீஸ் வழி கிடையாது. சேர கிரீன் கார்டோ குடியுரிமையோ வேணும். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த சித்தப்பா பிள்ளை, மாமா பொண்ணு யாராவது சேர்ந்திருந்தால், வேறு மாநிலத்தில் ஆஃபர் லெட்டர் வந்ததும் யூனிட்டுக்குத் தகவல் போச்சா என்று கேளுங்க. புது கம்பெனியிடமும் சொல்லி வைக்கச் சொல்லுங்க. 1994-ஆம் வருஷச் சட்டப்படி பயிற்சிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் போகும் தேதியை முன்கூட்டியே சொல்வது உங்க பக்கத்துக் கடமை, அந்த நாளுக்குச் சம்பளம் தரணும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை.