பனை இல்லாத ஊரில் கார்த்திகை

பினாங்குத் தீவில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருக்கும் இத்தீவில் ஆண்டு முழுவதும் மரங்கள் பசுமையாகவே நிற்கும். ஆயினும், செப்டம்பர் பிறந்தால் வானத்தின் போக்கு மாறிவிடும். ஆண்டிலேயே அதிக மழை பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். நவம்பரிலும் மாலை மழை எளிதில் விடுவதில்லை.

இந்த ஈரமான மாதங்களில்தான் நெருப்போடும் ஒளியோடும் தொடர்புடைய விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாளும் ‘ஒன்பது பேரரசர்’ தெய்வ விழா நடைபெறும். அந்நாள்களில் ஜார்ஜ்டவுன் தெருக்களில் மஞ்சள் கொடி கட்டிய சைவ உணவுக் கடைகள் முளைக்கும். பெரும்பாலும் அதே மாதம் முடியும் அமாவாசையை ஒட்டித் தீபாவளி வரும். அதன் பின், தமிழ்க் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் கார்த்திகைத் தீபம்.

தீபாவளிக்குக் கிடைக்கும் ஆரவாரம் கார்த்திகைக்குக் கிடைப்பதில்லை. அன்று பொது விடுமுறையும் இல்லை. ஆனால், பழைமையைப் பார்த்தால் கார்த்திகைக்கே முதலிடம் தர வேண்டும். கார்த்திகை விளக்கைப் பற்றிய குறிப்பு அகநானூற்றிலேயே இருக்கிறது. திருஞானசம்பந்தரும் மயிலாப்பூர்ப் பதிகத்தில் அதைத் தொன்மையான விழா என்றே பாடியுள்ளார். அவர் காலத்திலேயே அது பழைய விழாவாகிவிட்டது!

தமிழ்நாட்டில் கார்த்திகை ஒரு வகையில் பனைமரத்தின் விழா. கோயிலுக்கு முன் பனைமரத் துண்டு ஒன்றை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலைகளைக் கட்டுவார்கள். இருட்டிய பின் அதற்குத் தீ வைப்பார்கள். கோபுர உயரத்துக்குச் சுடர் எழும். இதுவே சொக்கப்பனை. ஊரார் சுற்றி நின்று அதன் வெம்மையை முகத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

சிறுவர்களின் மனம் மாவளியில் இருக்கும். மாவளி என்பது கடையில் வாங்கும் வாணம் அன்று, கையாலேயே செய்வது. ஆண்பனையின் பூங்கதிர்களைக் காயவைத்து, குழியில் இட்டு மூட்டமாக எரித்தால் கரியாகும். அக்கரியை நன்றாக இடித்துத் தூளாக்க வேண்டும். தூளைப் பழைய துணியில் சுருட்டி இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் இடையே வைத்துப் பிணைப்பார்கள். மட்டையின் நுனியில் நீண்ட கயிறு. துணியின் ஒரு முனையில் நெருப்புக் கங்கு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால், வீசும் காற்றில் கரித்தூள் கனன்று, பொறிகள் வட்டமாகச் சிதறும். தூளில் சிறிது உப்புச் சேர்த்தால் பொறிகள் படபடவென்று ஓசையும் எழுப்பும்.

மாவளியின் ஒளி பொன்னிறம் மட்டுமே. ஏனெனில், அதில் எரிவது கரி. கடை வாணங்களில் தெரியும் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பும், பச்சைக்குப் பேரியம் உப்பும் காரணம். மாவளியில் வெடிமருந்து இல்லை, வெடியோசையும் இல்லை. அதற்காக அதை ஆபத்தற்றது என்று சொல்லிவிட முடியாது. பொறி பட்டால் ஆடை கருகும். திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் மாவளி சுற்றுவார்கள்.

நெருப்புக்கு மட்டுமன்றி அடுப்புக்கும் பனையே உதவியது. பனையின் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் கார்த்திகையன்று ஓலைக் கொழுக்கட்டை செய்வார்கள். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றைப் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் ஓலையின் மணம் மாவில் ஏறியிருக்கும். பிற வட்டாரங்களில் அப்பமும் அடையும் உண்டு. எல்லா வட்டாரத்துக்கும் பொதுவானது கார்த்திகைப் பொரி. நெற்பொரியையோ அவற்பொரியையோ வெல்லப்பாகில் கலந்து, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து உருண்டையாகப் பிடிப்பார்கள். இவை எல்லாமே சைவம். வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் இவற்றில் சேராது.

இனிப் பினாங்குக்கு வருவோம். பனைமரம் இங்கே எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால், தென்னை இருக்கிறது. தென்னம்பாளையின் நீரைக் காய்ச்சி எடுக்கும் ‘குலா மெலாக்கா’ ஏறக்குறைய எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது. நிறத்திலும் மணத்திலும் கருப்பட்டிக்கு அது நெருங்கிய உறவு. கருப்பட்டியின் லேசான உவர்ப்பு மட்டும் இருக்காது; ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்தால் அந்தக் குறையும் நீங்கும். பனங்குருத்து இல்லையென்றால் வாழையிலையில் மாவை மடிக்கலாம். ஆவிப் பாத்திரத்தின் அடியில் இரண்டு பாண்டான் இலைகளை முடிந்து போட்டால் கொழுக்கட்டைக்கு வேறொரு மணம் வரும். அது திருநெல்வேலி மணம் அன்று என்று யாராவது குறை சொன்னால், ஆம், அது பினாங்கு மணம்.

இத்தகைய மாலைக்கு ஏற்ற பானம் சுக்கு மல்லிக் காப்பி. பெயரில் காப்பி இருந்தாலும் பலர் காப்பித்தூளே சேர்ப்பதில்லை. நான்கு கரண்டி கொத்துமல்லி விதை, இரண்டு கரண்டி சுக்குத்தூள், அரைக் கரண்டி மிளகு என்ற அளவில் வறுத்து இடித்து வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பொடியையும் கருப்பட்டியையும் நீரில் இட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கலாம்.

இரவிலும் வெப்பநிலை 23, 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் உடலைச் சூடாக்கும் உணவு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மிளகின் பைப்பரினும் இஞ்சியின் காரப்பொருள்களும் நாவிலும் தொண்டையிலும் உள்ள வெப்ப உணர்வு நரம்புகளைத் தூண்டுகின்றன. சூடான பொருள் பட்டதாக மூளை எண்ணிக்கொள்கிறது. அதாவது, நாம் உணரும் கதகதப்பில் ஒரு பகுதி பானத்தின் சூடு. மறுபகுதி நரம்பு சொல்லும் செய்தி. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள இஞ்சரால் என்னும் பொருளின் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. இஞ்சித் தேநீரைவிடச் சுக்குக் காப்பி தொண்டையைக் கூடுதலாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். மழையில் நனைந்து கோயில் வாசலில் நிற்பவருக்கு 24 பாகையும் குளிர்தான்.

குளிர்நாட்டிலும் இதே சேர்க்கை இருப்பதைக் காணும்போது வியப்பு ஏற்படுகிறது. 1605ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. அதன் நினைவாக இன்றும் அந்நாளின் இரவில் அங்கே பெருந்தீ மூட்டி வாணம் விடுகிறார்கள். நாட்டின் வடபகுதியான யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் அன்று உண்ணப்படுவது ‘பார்க்கின்’ என்ற கேக். ஓட்ஸ் தானியம், கறுத்த சர்க்கரைப்பாகு, இஞ்சித்தூள் ஆகியவையே அதன் உயிர். தானியம், கரும்பாகு, இஞ்சி! ஓலைக் கொழுக்கட்டையின் இலக்கணமும் ஏறக்குறைய இதுதானே? 1786இல் பினாங்கில் கால்பதித்த ஆங்கிலேயர் பார்க்கினைக் கொண்டுவந்து நம்மவர்க்குக் கற்றுத்தரவில்லை. நம்மவர் கொழுக்கட்டையும் அங்கே போகவில்லை. ஈர இரவில் தீயைச் சுற்றி நிற்கும் மக்கள் தேடுவது எங்கும் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மூலப்பொருளுக்கு மாற்று கிடைத்துவிடுகிறது. கைப்பக்குவத்துக்குத்தான் மாற்று கிடைப்பதில்லை. ஆயர் ஈத்தாம் பகுதியின் அடுக்குமாடி வீடொன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். அங்கே சொக்கப்பனைக்கு இடமில்லை. மாவளி சுற்ற முற்றமும் இல்லை. நடைபாதையில் ஓர் அடிக்கு ஒன்றாகப் பத்து அகல்விளக்குகள் வைக்கலாம். காற்று விட்டால் எரியும். அந்த வீட்டில் கார்த்திகை மிஞ்சியிருப்பது அடுப்படியில்தான். அங்கே படிவம் மூன்றில் பயிலும் பேத்தி பாகு காய்ச்சுகிறாள். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

“பாட்டி, எத்தனை நிமிஷம் கொதிக்கணும்?”

“நிமிஷம் எல்லாம் எனக்குத் தெரியாது, கண்ணு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்.”

முதல் சொட்டு கரைந்தது. இரண்டாவது, விரலுக்குள் குழைந்தது. மூன்றாவதை உருட்டித் தட்டில் போட்டபோது ‘டங்’ என்ற ஓசை கேட்டது.

“நிறுத்து! இப்போ பொரியைக் கொட்டு. சூடு ஆறுவதற்குள்ளே பிடிக்கணும். கையில் அரிசி மாவு தொட்டுக்கோ.”

பதம் சற்று முந்தினால் உருண்டை உதிர்ந்துவிடும், பிந்தினால் கல்லாகிவிடும். பாட்டிக்கு இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பேத்தி சுடுகையை உதறிக்கொண்டே பிடித்த முதல் நான்கு உருண்டைகள் கோணலாக வந்தன. ஐந்தாவது, உருண்டைபோலவே இருந்தது. அன்றிரவு அவள் தன் பயிற்றுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டது: ‘நான்கு குவளை பொரி, ஒரு குவளை வெல்லம், டங் ஓசை.’

ஏழு மணிக்கு மழை விட்டது. விளக்குகள் எரியத் தொடங்கியதும் பேத்தி, பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியிடம் ஒரு தட்டைக் கொண்டுபோனாள். சீனர்களில் பலர் தங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பார்கள். பதினைந்தாம் நாள் என்பது பௌர்ணமியை ஒட்டியது. கார்த்திகைத் தீபமும் அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகவே வரும். தட்டில் இருந்தவற்றைப் பார்த்து மூதாட்டி மலாயில் கேட்டது ஒன்றுதான்: இதில் பூண்டு இருக்கிறதா?

“இல்லை, ஆன்ட்டி. இஞ்சிதான்.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டு, கோணலாக இருந்த ஓர் உருண்டையையே முதலில் எடுத்தார்.