வெயில் இருக்கும்போதே வெட்பாலை

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மலைமேல் இருக்கும் நம் வாழவந்தி நாட்டில் நாள்கணக்கில் நல்ல வெயிலைப் பார்க்க முடியாது. மழை ஓய்ந்தால் மார்கழிப் பனி. காளாஞ்சகப்படை, அதாவது சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்குத் தோல் வெடித்துச் செதில் கொட்டுவது அந்தக் குளிரில்தான் அதிகம். அப்போது தடவ வேண்டிய வெட்பாலைத் தைலத்தை இந்த வாரமே ஊறப்போட்டுவிடுங்கள். இந்தத் தைலத்துக்கு அடுப்பு கிடையாது, வெயில்தான் பக்குவம்.

வெட்பாலை அடிவாரத்து வறண்ட காட்டு மரம். மலையிறங்கிக் காரவள்ளிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம். கோடை நெருங்கும்போது மரம் இலை உதிர்த்துவிடும், ஆகவே இலைக்கும் இதுவே தருணம். இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கினால் வெட்பாலை; நுனி ஒட்டாமல் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் குடசப்பாலை. நஞ்சுள்ள அரளியும் இதே குடும்பம்தான், ஐயம் இருந்தால் மரம் தெரிந்த பெரியவரைக் கூட்டிப்போங்கள். இலையை மட்டும் பறியுங்கள், கிளையை ஒடிக்க வேண்டாம்.

இலையில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கையால் கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். பொழுது சாயும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு நல்ல வெயிலில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயமே எடுத்திருக்கிறார்கள், நிறம் அதன் கைவரிசை. பிறகு வடிகட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தாலோ காறல் வாடை அடித்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

வெயில் ஏமாற்றிவிட்டால் கவலைப்படாதீர்கள். சென்னையில் சித்த மருத்துவர் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய '777' எண்ணெயும் இதே வெட்பாலையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்ததுதான், கடையில் கிடைக்கும்.

முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். எரிச்சல், தடிப்பு இல்லையென்றால் செதில் உள்ள இடத்தில் தடவி, காலை இளவெயிலில் சற்று நேரம் இருந்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பயற்றமாவு தேய்த்துக் குளிக்கலாம். மார்கழியில் மலைமேல் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். புட்டியை வெந்நீரில் நிறுத்துங்கள், அடுப்பில் காட்டாதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் நெருப்போரம் நெடுநேரம் உட்கார்வதும் குளிருக்குச் சுகம், தோலுக்குக் கேடு. செதிலைச் சுரண்டினால் அந்தக் காயத்திலேயே புதிய படை கிளம்பலாம். சீழோ நீரோ வடியும் புண்ணில் தைலம் வேண்டாம், கண்ணோரமும் வேண்டாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: தைலம் வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும், செதிலை இளக்கும், நோயை வேரோடு பிடுங்காது. டாக்டர் கொடுத்த மாத்திரையை, முக்கியமாக ஸ்டீராய்டை, தைலத்தை நம்பிச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பலாம். விரல் மூட்டு வீங்கி, காலையில் கை மடங்க மறுத்தாலும், உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காமல் செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

படை வட்டமாகப் படர்ந்து வீட்டில் ஒவ்வொருவருக்காகத் தொற்றுகிறதா? அது படர்தாமரை, அதற்கு மருந்து வேறு. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை இன்னும் பரப்பும். காளாஞ்சகப்படை யாரையும் தொற்றாது. அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அதற்குள், காளாஞ்சகப்படை உள்ளவருக்கு வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். துணியை மட்டும் தனியாக வைக்கலாம்: தைலத்தின் கத்தரிப்பூக் கறை லேசில் போகாது.