ஆங்கிலம் பழகுவோம்: யாருக்கு? எதை?



வங்கியில் தமிழ் தெரியாத அலுவலர் இருந்தாலும் நம்ம ரசீதை நாமே கேட்டு வாங்கணும்.

"எனக்கு ரசீதைக் கொடுங்க", "ரசீதை எனக்குக் கொடுங்க" – தமிழில் இரண்டும் ஒண்ணுதான். யாருக்கு என்பதை 'க்கு' காட்டிவிடும். ஆங்கிலத்தில் இந்த 'க்கு' இல்லை. வார்த்தை நிற்கும் இடம்தான் கணக்கு. முதலில் ஆள், பிறகு பொருள்:

கிவ் மீ தி ரிசீட் – எனக்கு ரசீதைக் கொடுங்க.
ஷோ அஸ் தி பாஸ்புக் – எங்களுக்கு பாஸ்புக்கைக் காட்டுங்க.

பொருளை முதலில் சொன்னால், ஆளுக்கு முன்னால் 'டு' சேர்க்கணும்:

கிவ் தி ரிசீட் டு மீ.

'எக்ஸ்ப்ளெயின்' என்ற சொல்லுக்கு 'டு' கட்டாயம் வேணும்:

எக்ஸ்ப்ளெயின் தி இன்ட்ரஸ்ட் டு மீ – வட்டியை எனக்கு விளக்குங்க.

தொடக்கத்தில் 'ப்ளீஸ்' சேர்த்தால் மரியாதை.

கடன் பத்திரத்தில் கையெழுத்து போடும் முன் கடைசி வாக்கியத்தைத் தயங்காமல் கேட்போம். குழுக் கூட்டத்தில் இருவர் இருவராகச் சொல்லிப் பழகுவோம்.