குளியலறைச் சீரமைப்பு: கண்ணுக்குத் தெரியாத பணிகளுக்கே முதலிடம்

வீட்டுச் சீரமைப்புக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் தங்கள் விண்ணப்பத்துடன் மதிப்பீட்டுத் தாள் ஒன்றையும் இணைக்கின்றனர். குளியலறைக்கான மதிப்பீடுகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். டைல்களின் அளவும் நிறமும், ஷவரின் வகை, கண்ணாடித் தடுப்பின் கனம் ஆகியவை விரிவாக எழுதப்பட்டிருக்கும். தரையின் சரிவு, நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய்ச் சோதனை ஆகிய யாவும் ‘இதர பணிகள்’ என்னும் ஒரே வரிக்குள் அடங்கிவிடும்.

கடையில் பொருள்களைக் காண்கிறோம். எனவே திட்டமும் பொருள்களிலிருந்தே தொடங்கிவிடுகிறது. உண்மையில் வரிசை இதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். முதலில் குளிப்பவர், அடுத்து நீர், பின்னர் டைல்களுக்கு அடியில் மறையும் பணிகள், இறுதியாகவே அழகு. பிடிக்காத ஷவரை ஒரு மணிநேரத்தில் மாற்றிவிடலாம். தவறான சரிவையோ கசியும் தளத்தையோ மாற்ற வேண்டுமெனில் முழு அறையையும் மீண்டும் உடைக்க வேண்டும்.

இப்பாடத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் 5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்ட குளியலறை. பயன்படுத்துவோர் நால்வர்: 72 வயதுப் பாட்டி, கணவன், மனைவி, 8 வயதுக் குழந்தை. சீரமைப்புக்கு 2,00,000 ரூபாய் ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம்.

1. குளிப்பவர் யார்?

‘தனிப்பயன்’ என்றால் விலையுயர்ந்த பொருள் என்று பொருளன்று. அவ்வீட்டில் உள்ளோரின் உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவுகளை அமைப்பதே அது. திட்டமிடும் முன்னர் ஒவ்வொருவரிடமும் சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நின்று குளிப்பவரா, அமர்ந்து குளிப்பவரா? நாள்தோறும் தலைக்கு ஊற்றிக்கொள்பவரா? வாளியும் குவளையும் தேவையா? வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உண்டா?

நம் எடுத்துக்காட்டில், வாயிலருகே முகம் கழுவும் தொட்டியும், நடுவில் கழிப்பிடமும், கடைக்கோடியில் 5 அடிக்கு 3 அடி குளியல் பகுதியும் அமையலாம். ஒருவர் கைகளை வீசிக் குளிக்க 3 அடிக்கு 3 அடி இடம் போதுமானது. மீதமுள்ள 2 அடியில் வாளியும் முக்காலியும் இடம்பெறும். பாட்டிக்கு வாளிக் குளியலே வசதி எனில், அதற்கான தாழ்வான குழாயை நீக்கிவிட்டு ஷவரை மட்டும் வைப்பது அவரது அறையை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

சுவரில் நிலையாகப் பொருத்திய ஷவர் ஓர் உயரத்தினருக்கே பொருந்தும். செங்குத்துக் கம்பியில் ஏற்றி இறக்கத்தக்க கைஷவர், குழந்தைக்கும் முக்காலியில் அமர்ந்த பாட்டிக்கும் நின்று குளிக்கும் பெற்றோருக்கும் ஒருசேரப் பயன்படும். குழாயைத் திறக்கும் மிக்சரை ஷவருக்கு நேர் கீழே அமைக்காமல், உள்ளே நுழையும் பக்கத்துச் சுவரில் அமைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நீர் தலையில் விழாமல், வெளியே நின்றபடியே திறந்து, சூடு வந்தபின் உள்ளே செல்லலாம். இம்மாற்றத்தைக் குழாய் பதிக்கும் முன்னர்க் கூறினால் செலவு மிகக் குறைவு.

முதியோருக்காக மேலும் நான்கு ஏற்பாடுகள் இன்றியமையாதவை. தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி. ஏறத்தாழ 45 செ.மீ. உயர இருக்கை, தடுக்கி விழச்செய்யும் படிக்கட்டு இல்லாத நுழைவு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். கைப்பிடியைத் துண்டு போடும் கம்பியாகக் கருதலாகாது. அது ஒருவரின் முழு எடையைத் தாங்க வேண்டியது. எனவே உறுதியான சுவரில் ஆழமாகப் பதிக்கப்பட வேண்டும். இப்போது முதியோர் இல்லாத வீட்டிலும் அதற்குரிய இடத்தை ஒதுக்கி வைப்பது நன்று. இந்த அறையை இன்னும் 15 அல்லது 20 ஆண்டுகள் நாமே பயன்படுத்தப் போகிறோம்.

2. நீர் எவ்வளவு, எவ்வளவு அழுத்தத்தில்?

பெரிய வட்ட ஷவரை வாங்கியோர் பலர், நீர் மழைபோல் பொழியாமல் சொட்டுவதைக் கண்டு ஏமாற்றமடைகின்றனர். குறை பெரும்பாலும் ஷவரில் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் உயரத்தில் உள்ளது. நீரின் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்தளக் குடியிருப்பில் உயர வேறுபாடு 3 மீட்டரே எனில் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. அதே கட்டடத்தில் மூன்று தளங்கள் கீழே வசிப்பவருக்கு 1 பாரை ஒட்டிய அழுத்தம் கிடைக்கும். ஷவரின் பெட்டியில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச அழுத்தத்தைப் பார்த்த பின்னரே வாங்குங்கள். அழுத்தம் போதாதெனில் சிறிய ஷவர் அல்லது அழுத்த பம்ப் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீரோட்டத்தை வீட்டிலேயே அளக்கலாம். 20 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிரம்பினால் ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர். அவ்வேகத்தில் 8 நிமிடம் குளித்தால் 80 லிட்டர் செலவாகும். நம் நாட்டின் திட்ட வரையறைகளில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கொள்ளப்படும் 135 லிட்டரில் குளியலுக்குரிய பங்கு 55 லிட்டரே. நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சிக்கன ஷவரில் அதே 8 நிமிடக் குளியல் 48 லிட்டரில் முடியும். நால்வர் கொண்ட வீட்டில் நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சமாகும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் நகரங்களில் இது மாதச் செலவிலேயே தெரியும்.

கீசரின் கொள்ளளவையும் இக்கணக்கோடு இணைத்தே தீர்மானிக்க வேண்டும். 15 லிட்டர் கீசரில் 60 பாகை செல்சியஸ் வெந்நீர் உள்ளது எனக் கொள்வோம். 25 பாகையில் உள்ள குழாய் நீருடன் கலந்து 40 பாகைக் குளியல் நீராக்கினால் 35 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஷவரில் அது ஏறத்தாழ 6 நிமிடம் வரும். 10 லிட்டர் ஷவரில் மூன்றரை நிமிடமே வரும். குழாய் நீர் 10 பாகைக்கு இறங்கும் வடஇந்தியக் குளிர்காலத்தில் அதே கீசர் 25 லிட்டர் குளியல் நீரையே தரும். ஆகவே சென்னையில் போதுமான கீசர் சிம்லாவில் போதாது. பணிமாற்றத்தால் ஊர் மாறும் குடும்பங்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் தேவை.

60 பாகை வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில், வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மிக்சருக்குச் செலவிடுவது ஆடம்பரமன்று. கீசர் இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் முறையான எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் ஒருபோதும் வைக்கலாகாது. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும்.

3. டைல்களுக்கு அடியில் என்ன?

பழைய டைல்களின் மேலேயே புதிய டைல்களை ஒட்டுவது செலவைக் குறைக்கும் வழியாகத் தோன்றலாம். ஆனால் பழைய கசிவு அப்படியே தொடரும், தரைமட்டமும் உயர்ந்துவிடும். அடுக்குமாடியில் நம் தரை கீழ்வீட்டாரின் கூரையாகும். அங்கே தோன்றும் ஈரக்கறை பழுதுச் செலவோடு நில்லாது, அண்டை வீட்டாருடன் மனவருத்தத்தையும் விளைவிக்கும். ஆகவே குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை முன்னதாகவே எழுத்தில் பெறுங்கள்.

பணி நடைபெறும்போது நான்கு நிலைகளில் நேரில் பார்வையிடுங்கள்.

முதலாவது, குழாய்ச் சோதனை. பதித்த குழாய்களைச் சுவருக்குள் மூடும் முன்னர் அழுத்தமேற்றிச் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அளவு நாடாவைச் சுவரில் வைத்துக் குழாய் செல்லும் வழியைப் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் கைப்பிடிக்குத் துளையிடும்போது அப்படம் குழாயைக் காக்கும்.

இரண்டாவது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. தரை முழுவதும், குளியல் பகுதிச் சுவரில் 6 அடி உயரம் வரையும், மற்றச் சுவர்களில் 1 அடி வரையும் இரண்டு பூச்சுகள் வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலைகளும் குழாய் தரையைத் துளைக்கும் இடங்களுமே கசிவு தொடங்கும் இடங்கள். அங்குக் கூடுதல் கவனம் தேவை.

மூன்றாவது, நீர் தேக்கும் சோதனை. வடிகாலை அடைத்து, 2 அங்குல நீரை 48 மணிநேரம் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைப் பார்வையிட வேண்டும். காலக்கெடுவைக் காரணம் காட்டி இதைத் தவிர்க்க ஒப்பந்ததாரர் விரும்பலாம், இணங்காதீர்கள்.

நான்காவது, சரிவு. வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிவு இருந்தால் நீர் தேங்காது. நிற்பவருக்கும் சரிவு உறுத்தாது. டைல் ஒட்டியவுடன் ஒரு குவளை நீரை ஊற்றிப் பாருங்கள். அது தானாகவே வடிகாலைச் சென்றடைய வேண்டும்.

4. இறுதியாக, அழகு

தரைக்குப் பளபளப்பான டைல் வேண்டா. ஆர்10 அல்லது ஆர்11 என்று வழுக்காத் தன்மை குறிக்கப்பட்ட, மேற்பரப்பு சொரசொரப்பான டைலைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்பைச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடித் தடுப்பு விரும்பினால் டஃப்பன்டு கண்ணாடியையே கேளுங்கள். 5 அடி அகல அறையில் திறந்து மூடும் கண்ணாடிக் கதவைவிட, பாதி அகலம் மறைக்கும் நிலையான தடுப்பே நடமாட்டத்துக்கு வசதி. உப்புநீர் உள்ள ஊர்களில் ஷவரின் துளைகள் விரைவில் அடைபடும். விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும் ரப்பர்த் துளைகள் கொண்ட ஷவர் ஏற்றது.

5. பணத்தைத் திட்டமிடுதல்

2,00,000 ரூபாயில் 20,000 ரூபாயை எதிர்பாராச் செலவுக்கென முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பழைய தளத்தை உடைத்த பின்னரே தெரியவரும் குறைகள் உண்டு. மீதியில் மேற்கூறிய வரிசைப்படி செலவிடுங்கள். பணம் குறைந்தால் டைலின் விலையில் குறையுங்கள், பூச்சில் குறைக்காதீர்கள்.

கடன் பெறுவதாயின் வட்டி விகிதங்களை ஒப்பிடுங்கள். கணக்குக்காக, 2,00,000 ரூபாயை 5 ஆண்டுகளுக்கு 9 விழுக்காட்டில் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 4,152 ரூபாய். 13 விழுக்காட்டில் பெற்றால் 4,551 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வேறுபாடு ஏறத்தாழ 24,000 ரூபாய். தெர்மோஸ்டாட் மிக்சருக்கும் கைப்பிடிகளுக்கும் உதவக்கூடிய தொகை அது. ஏற்கெனவே வீட்டுக்கடன் உள்ளோர், தனிநபர் கடனை நாடும் முன்னர் அதன்மீதான கூடுதல் கடனையும் வீட்டுச் சீரமைப்புக் கடனையும் விசாரிப்பது நலம். செயலாக்கக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தெடுத்தோர், தாம் குடியிருக்கும் வீட்டின் சீரமைப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். வீட்டுக்கடன் வட்டிக்கான 2,00,000 ரூபாய் மொத்த வரம்புக்குள் இதுவும் அடங்கும். நம் எடுத்துக்காட்டில் 9 விழுக்காட்டுக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 16,650 ரூபாய். வங்கியின் வட்டிச் சான்றிதழையும் பணிக்கான பட்டியல்களையும் பாதுகாத்து வையுங்கள்.

ஒப்பந்ததாரருக்கு முழுத்தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். பணி தொடங்கும்போது 30 விழுக்காடு, நீர் தேக்கும் சோதனை நிறைவேறியதும் 30, டைல் பணி முடிந்ததும் 30, ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின் 10 எனப் பிரித்து, அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். ஜி.எஸ்.டி. விலையில் அடங்கியதா, தனியா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

மதிப்பீட்டில் கையொப்பமிடும் முன்னர்

கீழ்க்காணும் ஐந்து வினாக்களுக்கும் தாளில் விடை இருக்கிறதா எனப் பாருங்கள்.

அ. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஏற்ற உயரங்கள் குறிக்கப்பட்டுள்ளனவா?
ஆ. நீரழுத்தத்தை அளந்தபின் ஷவர் தேர்ந்தெடுக்கப்பட்டதா?
இ. நீர்க்கசிவுத் தடுப்பு, பூச்சுகளின் எண்ணிக்கையுடனும் பரப்பளவுடனும் தனி வரியாக உள்ளதா?
ஈ. 48 மணிநேரச் சோதனை ஒப்பந்தத்தில் இடம்பெற்றுள்ளதா?
உ. இறுதித் தவணை, பயன்படுத்திப் பார்த்த பின்னர்த் தரப்படுமா?

ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் தாளை ஒப்பந்ததாரரிடம் திருப்பித் தந்து, விடையை எழுதி வாங்குங்கள். அவ்வாறு திருத்திய மதிப்பீட்டுடன் கிளையை அணுகினால், தேவையான கடன் தொகையை நீங்களும் வங்கியும் சரியாகக் கணிக்க இயலும்.