ஏரியூர்த் தம்பிகளுக்கு: இத்தாலிய வண்டி வாங்கும் முன்

பெங்களூரிலும் ஓசூரிலும் வேலைக்குப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஏப்ரிலியா, டுகாட்டி என்று பேச்செடுக்கிறார்கள். இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இன்ஜின் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பெங்களூர்க்காரன் இந்த வண்டியை வைத்திருப்பதும் ஏரியூர்க்காரன் வைத்திருப்பதும் ஒன்றல்ல. உனக்கும் இந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்குக்கும் நடுவே பென்னாகரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் இருக்கின்றன. நான் சொல்லப்போவது முழுக்க அந்தத் தூரத்தை வைத்துத்தான்.

1. முதல் வண்டியாக ஏப்ரிலியா ஆர்எஸ் 457 போதும். 2023 டிசம்பரில் 4.10 லட்சம் ஷோரூம் விலையில் வந்த வண்டி. இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல், பெட்ரோல் ஆயிலோடு 175 கிலோ. மகாராஷ்டிராவில் பாராமதியில் உள்ள பியாஜியோ ஆலையில் தயாராகிறது. சந்தைக்குத் தக்காளி ஏற்றி வருகிற ஆப்பே ஆட்டோவும் அதே கம்பெனி, அதே ஊர். டயர்கூட மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப்தான். உள்நாட்டிலேயே செய்கிற வண்டி என்பதால், ஒரு லீவரோ கண்ணாடியோ உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்கும் பாடு பெரும்பாலும் வராது. நூறு குதிரைத்திறனுக்கு மேலே போகும் டுகாட்டியை இரண்டாவது வண்டியாக யோசித்துக்கொள்.

இத்தாலிய வண்டி நமக்குப் புதுசு என்றும் நினைக்காதே. மிலானில் இருந்த இன்னோசென்டி கம்பெனியின் லாம்பிரெட்டா இயந்திரங்களை 1972-இல் அரசாங்கமே வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அதில் பிறந்ததுதான் அந்தக் காலத்து வாத்தியார்களும் வி.ஏ.ஓ.க்களும் ஓட்டிய விஜய் சூப்பர். அதை எந்த மரத்தடி மெக்கானிக்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ரெண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு பிரித்துவிடுவார். இப்போது வருகிற வண்டிக்கு லேப்டாப் மாட்டினால்தான் என்ன கோளாறு என்றே தெரியும்.

2. ஷோரூமுக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டருக்குப் போ. ஒரு மணி நேரம் வாசலில் நின்று, வண்டி எடுக்க வந்தவர்களிடம் பேசு. ஸ்பேர் எத்தனை நாளில் வருகிறது, யார் கையில் வேலை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லுவார்கள். கம்பெனி பெரிதாக இருந்தாலும் இந்தியாவில் அதை விற்கிறவர் மாறிப்போகலாம். பெனெல்லி என்ற இத்தாலிய வண்டிக்கு 2018-இல் அப்படித்தான் இந்தியக் கூட்டாளி மாறினார். அந்த இடைவெளியில் வண்டி வைத்திருந்தவர்கள் ஸ்பேருக்கு அலைய வேண்டியிருந்தது.

3. பழைய டுகாட்டி மலிவாக வருகிறது என்று யாராவது பெங்களூரிலிருந்து போன் செய்தால், மூன்று விஷயம் கேள். சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா? டைமிங் பெல்ட் எந்த வருஷம் மாற்றியது? சாவி எத்தனை? 2000-ஐ ஒட்டி வந்த பல இத்தாலிய வண்டிகளுக்குச் சிவப்புச் சாவி ஒன்று உண்டு, கூடவே ஒரு குறியீட்டு எண் அட்டையும் வரும். அந்தச் சிவப்புச் சாவி இல்லாமல் வேறு சாவிகளைப் புதிதாகப் பதிவு செய்வது பெரும் பாடு. பிறகு காகித வேலை. கர்நாடகப் பதிவு வண்டிக்கு அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே தர்மபுரி ஆர்.டி.ஓ.வில் வரி கட்டி, டிஎன் 29 நம்பர் வாங்க வேண்டும். அந்த வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் ‘மலிவு’ என்ற பேச்சு பாதியில் நின்றுவிடும்.

4. டுகாட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் டெஸ்மோ என்றால் என்ன என்று முதலில் புரிந்துகொள். சாதாரண இன்ஜினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். இன்ஜின் மிக வேகமாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது, வால்வு மூடாமல் மிதக்கும். டுகாட்டியில் ஃபாபியோ தாலியோனி என்கிற இன்ஜினியர் மூடும் வேலைக்கும் தனியாக ஒரு கேம், ஒரு ராக்கர் வைத்தார். அதுதான் டெஸ்மோ. 1956-இல் பந்தய வண்டியில் வந்தது, 1968-இல் கடை வண்டிக்கும் வந்தது. 1972-இல் இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் அந்த இன்ஜினில்தான் ஜெயித்தார்.

இதனால் உனக்கு வரும் வேலை என்ன? ஒரு வால்வுக்கு இரண்டு இடைவெளி அளக்க வேண்டும். திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று. நான்கு வால்வு உள்ள சிலிண்டர் இரண்டு என்றால் மொத்தம் பதினாறு அளவு. ஃபேரிங், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்றினால்தான் கையே உள்ளே போகும். ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்து, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம்களை மாற்றி, திரும்ப அளந்து, திரும்ப மாட்ட வேண்டும். பொறுமையுள்ள ஆளுக்கும் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் அந்தப் பில் அப்படி வருகிறது, யாரும் ஏமாற்றவில்லை. பழைய மாடல்களுக்கு 10,000 அல்லது 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த வேலை, புதியவற்றில் 24,000 அல்லது 30,000. பெல்ட் உள்ள இன்ஜினில் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷக் கணக்கில் பெல்ட் மாற்ற வேண்டும். ரப்பர் நின்ற இடத்திலேயே கெடும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜின் அதோடு முடிந்தது. டுகாட்டியின் பானிகாலே வரிசையில் பெல்ட் இல்லை, உள்ளே செயின். 2025-க்கு வந்த புது பானிகாலே வி2-வில் டெஸ்மோவையே விட்டுவிட்டு ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் நான் சந்தோஷப்பட்டேன்.

‘நானே பார்க்கிறேன்’ என்று ஆர்வத்தோடு வரும் நம்மூர் மெக்கானிக்கிடம் டெஸ்மோ இன்ஜினைத் திறக்கக் கொடுக்காதே. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஷிம் பெட்டியும் அந்த வண்டிக்கென்றே செய்த டூலும் அவரிடம் இருக்காது.

5. ஆனால் செயின் உன் வேலை. அதை யாரிடமும் விடாதே. நம் பக்கத்து மண் தூசி ஒரு வாரத்தில் செயினில் ஏறி, பழைய கிரீஸோடு சேர்ந்து பல் சக்கரத்தை அரைக்கும். ஓட்டிவிட்டு வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போதே பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்று. இன்ஜினை நிறுத்து, நியூட்ரலில் வை, சாவியைச் சட்டைப் பையில் போடு. மெல்லிய பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் தொட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றித் தேய். கம்பி பிரஷ் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். துணியால் துடைத்து, செயினின் உட்பக்கத்தில் லூப் அடி. காலையில் ஓட்டுவதாக இருந்தால் முந்தின இரவே அடித்துவை.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. துணி மாட்டினால் விரலும் கூடப் போகும். பல் சக்கரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இதை மட்டும் செய்யாதே, தம்பி.

6. சூடு. சித்திரை வெயிலில் டுகாட்டியின் பின் சிலிண்டர் தொடைக்குக் கீழே அடுப்பு மாதிரி எரியும். வி4 வண்டிகளில் நிற்கும்போது பின்பக்க சிலிண்டர்கள் தானாக அணையும்படி கம்பெனியே செய்திருக்கிறது, அப்படியும் சூடு தெரியும். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் நெரிசலில் மாட்டினால் இன்ஜினை அணைத்துவிடு. நின்ற இடத்தில் முறுக்கிக்கொண்டிருக்காதே. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும்.

7. வெளியூர்க்காரன் எழுதிய புத்தகத்தில் இது இருக்காது: ரோட்டில் காயும் ராகியும் கொள்ளும். அறுவடை முடிந்ததும் தாளை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறி மணி உதிரட்டும் என்று. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒன்றுமில்லை. உனக்கு மூன்று ஆபத்து. முதலாவது, தாளின் மேல் டயருக்குப் பிடிப்பே கிடையாது. அதிலும் உதிர்ந்த கொள்ளு மணி பேரிங் குண்டு போலத்தான். இரண்டாவது, கொள்ளுக்கொடி நீளமானது, செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் வண்டிக்குச் சைலன்ஸர் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. காய்ந்த தாள் அங்கே சிக்கினால் புகையும், பிறகு பற்றும். தாளைப் பார்த்தால் வேகத்தை முன்னாலேயே குறை, அதன் மேல் பிரேக் பிடிக்காதே, சாயாதே, நேராகக் கடந்து போ. தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அடியில் குனிந்து பார். களத்துக்காரரோடு சண்டைக்குப் போகாதே. அது அவருடைய ஒரு வருஷச் சோறு.

8. தொப்பூர் கணவாயில் உன் திறமையைக் காட்டாதே. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது முழு இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போய்த்தான் அங்கே அத்தனை விபத்து. இரண்டு லாரிக்கு நடுவில் ஒருபோதும் இருக்காதே. முன்னால் போகிறவன் நின்றால் பின்னால் வருகிறவனால் நிற்க முடியாது. கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கில் இறங்கு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு. வளைவுகளில் சிந்திக் கிடக்கும் டீசலையும் கவனி.

9. ஒகேனக்கல் காட்டு ரோட்டில் இருட்டிய பிறகு வேண்டாம். யானை கடக்கும் வழி. நாகமரைத் துறையில் பரிசலிலோ படகிலோ ஏற்றி அக்கரை பண்ணவாடிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஸ்பிளெண்டரை ஏற்றிப் போகிறவர்கள் போகட்டும். நீ மேச்சேரி வழியாகச் சுற்றிப் போ.

10. ஹெல்மெட், கையுறை, முழங்கால் பாதுகாப்பு, கணுக்காலை மூடும் ஷூ. வெயில் என்று ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதே, நம்மூருக்கென்றே வலைத்துணி ஜாக்கெட் கிடைக்கிறது. வண்டிக்கு ஒதுக்கிய பணத்திலிருந்தே இதற்கும் எடு, ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளாதே.

11. வண்டி தெருவுக்குள் வந்ததும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஏறி உட்காரக் கேட்பார்கள். உட்கார வை, ஆனால் இன்ஜின் ஆறின பிறகு. அரை டிராயரோடு ஏறுகிற பிள்ளையின் கெண்டைக்காலுக்குச் சரியாக எதிரே எக்ஸாஸ்ட் இருக்கும். அந்தத் தழும்பு ஆயுசுக்கும் போகாது. சைலன்ஸரை மாற்றிச் சத்தம் கூட்டாதே. விடியற்காலையில் கிளம்பும்போது தெரு முனைவரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய். பால் கறக்கிற நேரத்தில் மாடு மிரண்டால் அந்த வீட்டில் அன்றைக்குப் பால் இல்லை.

12. பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப், ஃபியூஸ், ஒரு கிளட்ச் லீவர், ஆலன் கீ செட். இவ்வளவும் சீட்டுக்கு அடியிலோ முதுகுப் பையிலோ எப்போதும் இருக்கட்டும். ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் உள்ள டுகாட்டியின் பின்சக்கர நட்டு மிகப் பெரியது. அதற்கான சாக்கெட் எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்காது. ஆகவே சக்கரத்தைக் கழற்றாமலே திரி வைத்து அடைக்கப் பழகிக்கொள், வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழைய டயரில் செய்து பார்.

வண்டி நின்றுபோனால் டாடா ஏஸ்தான் கதி. ஏற்றும்போது ஹேண்டில்பாரில் கயிறு கட்ட விடாதே. கிளிப்-ஆன் ஹேண்டில் திரும்பி டேங்க்கில் குழி விழும். முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் கிளாம்பில் இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, முன் ஸ்பிரிங் பாதி அமுங்கும் அளவுக்கு இறுக்கு. சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதே, முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஸ்டாண்டு வளைந்துவிடும். கயிறு உரசும் இடத்தில் எல்லாம் பழைய துண்டு வை. டிரைவர் பக்கத்தில் நீயும் உட்கார்ந்து போ.

13. முதல் நீண்ட பயணத்துக்கு ஏற்காடு சரி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாளில் போய்த் திரும்பலாம். கொல்லிமலைக்கு ஆசைப்படுவாய். அங்கே எழுபது வளைவு, எல்லாம் இறுக்கம். குனிந்து ஓட்டும் ஹேண்டிலில் முப்பதாவது வளைவிலேயே மணிக்கட்டு விட்டுப்போகும். உடம்பின் பாரத்தைக் கையில் போடாமல் முழங்காலால் டேங்க்கை அணைத்துப் பிடிக்கக் கற்ற பிறகு போ. ஆர்எஸ் 457-இன் டேங்க் 13 லிட்டருக்குள்தான், ரிசர்வ் விழும்வரை காத்திருக்காமல் நிரப்பு. மைசூர்ப் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று: பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வண்டிகளை விடுவதில்லை, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

14. மாசக்கணக்கில் வேலைக்குப் போய்விட்டால் பேட்டரியைச் சார்ஜரில் போடு, அல்லது இணைப்பைக் கழற்றிவை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டிக் டேங்க் உள்ள பழைய டுகாட்டி மான்ஸ்டர்களில் எத்தனால் ஊறி டேங்க் உப்பிப்போனது உண்டு, அப்படிப்பட்ட வண்டியில் பெட்ரோலை வடித்துவிட்டுப் போ. அம்மாவிடமோ தம்பியிடமோ ‘வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை’ என்று சொல்லிவிட்டுப் போகாதே. ஐந்து நிமிஷம் ஓடி நிற்கும் இன்ஜினுக்குள் ஈரம்தான் சேரும், பேட்டரிக்கும் ஒன்றும் ஏறாது.

15. வேகமாகப் போக வேண்டும் என்று மனசு கேட்டால், அதற்கென்று இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக், 1990-லிருந்து இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி டிராக் இருக்கிறது. பயிற்சி நாள் எப்போது என்று விசாரித்துப் பணம் கட்டிப் பெயர் கொடு. எங்கே பிரேக் பிடிப்பது, எப்போது சாய்வது, கண் எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கும். எதிரே ஆடு வராது, டவுன் பஸ் வராது. போகும் முன் பிரேக் பேடையும் டயரையும் மெக்கானிக்கிடம் காட்டு, கண்ணாடியைக் கழற்று, விளக்கின் மேல் டேப் ஒட்டு. வண்டி வாங்கலாமா என்று தங்கச்சிகளும் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இதே பேச்சுத்தான். வண்டியின் எடையைத் தாங்கிக் கால் ஊன்ற முடிகிறதா என்று மட்டும் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.