சிக்கித் தொங்கும் மரத்தடியில் நிற்காதீர்கள்

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குப் புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. காற்றில் சாய்கிற மரமெல்லாம் தரைக்கு வந்துவிடுவதில்லை. பக்கத்து மாவிலோ புளியிலோ தலை மாட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். தரையில் கிடக்கும் மரத்தைவிட இதுதான் ஆளைக் கொல்லும் மரம்.

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி ஒன்று தொட்டிருந்தாலும் கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லி, மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது என்று மின்வாரிய ஆள் வந்து சொல்லும்வரை காத்திருங்கள். நிவாரணம் கேட்கப்போகிறவர்கள் மரத்தில் கைவைக்கும் முன்பே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

தாங்கி நிற்கும் மரத்தை வெட்டினால் சிக்கிய மரம் தானே விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. வெட்டுகிறவர் தலைக்கு மேலேதான் இரண்டு மரத்தின் பாரமும் இருக்கிறது. மழையில் ஊறிய மண்ணில் தாங்கும் மரத்தின் வேரும் தளர்ந்திருக்கும். சிக்கிய மரத்தில் ஏறிக் கிளை கழிப்பதும், அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு வருவதும் அதே அளவு ஆபத்து. ஒவ்வொரு துண்டு போகும்போதும் மரம் எந்தப் பக்கம் நழுவும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வளைந்து நிற்கும் மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், மறுபக்கம் நெருக்குண்டிருக்கும். நெருக்குண்ட பக்கம் அறுத்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தை ஒரேயடியாக அறுத்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரமாக இருந்தால், அடியை அறுத்ததும் மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்க்கட்டை மடாரென்று பழைய குழிக்குள் திரும்பி உட்காரும். அந்தக் குழிப் பக்கம் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

ஆகவே அடியை அறுத்துப் பிரிப்பது பழகிய ரம்பக்காரரின் வேலை. பிரித்த பிறகு, மரத்தின் அறுத்த அடிமுனையில் கம்பிவடம் கட்டி, மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு நேர் எதிராகப் பின்னோக்கி மெல்ல இழுத்தால் தலை தானாக வழுக்கி இறங்கும். டிராக்டரில் இழுப்பவர்கள் வடத்தைத் தாழ்வான பின்கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கம் கவிழும். மரத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான வடம் வேண்டும், பார்க்க வந்தவர்களும் அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். வடம் அறுந்தால் சாட்டையாக வீசும் என்பதால் அதன் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

ஆள் கிடைக்கவில்லையா? சுற்றிலும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள், ஆடு மாடுகளை வேறு இடத்தில் கட்டுங்கள். பழகிய ஆள் வரும்வரை மரம் அப்படியே நிற்கட்டும்.