முதல் முறை எம்.எஸ். 150 ஓட்டப் போகிறவர்களுக்கு

எங்கள் அலுவலகக் குழுவில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்டதற்காக இதை எழுதுகிறேன். ஹூஸ்டனில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலர், எம்.எஸ். என்ற நோய்க்காக நிதி திரட்ட ஏப்ரலில் நடக்கும் இந்தச் சைக்கிள் பயணத்துக்குள் வருவது ஒரே வழியில்தான். பக்கத்து மேஜைக்காரர் ஜனவரியில் வந்து, “நீயும் வாயேன்” என்பார். மறுக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவோம். இரண்டு நாளில் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் என்பது அப்புறம்தான் உறைக்கும். ஊரில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கால்களுக்கு இது ஆகாத காரியமில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் புதியவர்கள் எல்லோரும் தலைகீழாகத்தான் போகிறார்கள். அதனால் வரிசையைக் கவனித்துப் படியுங்கள்.

1. முதலில் பணம் கேளுங்கள். சைக்கிள் வாங்குவது அப்புறம்.

நம்மவர்களுக்கு 150 மைல் மிதிப்பது சுலபம், 25 டாலர் கேட்பது கஷ்டம். “நம்ம சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை முடிச்சிடலாம் அண்ணே” என்று ஆண்டுதோறும் ஒருவராவது சொல்கிறார். போடலாம், தப்பில்லை. பதிவுக் கட்டணத்துக்கு மேல் ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அதை நீங்களே கட்டிவிட்டால் உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் சைக்கிள் ஓட்டியது நீங்கள் ஒருவர் ஓட்டியதாக மட்டும் நின்றுவிடும். ஐம்பது பேரிடம் கேட்டால் ஐம்பது பேர் அந்த நோயின் பெயரைக் காதில் வாங்குவார்கள்.

இந்தப் பயணத்தை நடத்தும் அமெரிக்க தேசிய எம்.எஸ். சங்கமே கேட்டுப் பிறந்ததுதான். சில்வியா லாரி என்ற பெண்ணின் தம்பிக்கு இந்த நோய். டாக்டர்கள் கைவிரித்த பிறகு, 1945 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் அவர் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார்: இந்த நோயிலிருந்து குணமானவர்கள் யாராவது இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள் என்று. பதில்கள் வந்தன. ஆனால் எழுதியவர்கள் குணமானவர்கள் இல்லை. அதே கேள்வியோடு அலைந்துகொண்டிருந்த நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும். அவர்களைச் சேர்த்துத்தான் 1946இல் சங்கம் தொடங்கியது. ஒரு பத்திரிகையில் நாலு வரி கேட்க அந்தப் பெண் கூச்சப்பட்டிருந்தால் நமக்கு ஏப்ரலில் வேலையே இல்லை.

எப்படிக் கேட்பது? பொதுவாக எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் தர மாட்டார்கள். பெயர் சொல்லி, தனித்தனியாக, தமிழில் பேசுகிறவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தொகையைக் குறிப்பிடுங்கள். “முடிந்ததைக் கொடுங்கள்” என்றால் எதிராளிக்குத்தான் சங்கடம். கோயிலில் பார்க்கிறவர், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாத்தியார், முடிவெட்டுகிறவர், வீட்டை விற்றுத் தந்த ஏஜென்ட், எல்லோரும் பட்டியலில் வர வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையைக் கம்பெனியும் போடும் ஏற்பாடு உண்டு. கொடுக்கிறவரிடம் அதை மறக்காமல் விசாரியுங்கள். 100 டாலர் அப்படியே 200 ஆகும். வரிவிலக்கும் உண்டு என்று சொல்லுங்கள், நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். நீங்கள் எழுதிய ஒரு வாரத்தில், நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து தணிந்த குரலில் போன் வரும். “எங்க மருமகளுக்கும் அதுதான், வெளியில யாருக்கும் சொல்லலை.” பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்து சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். அப்போது அறிவுரை சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள்.

2. நோயைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. மயலின் என்ற அந்த உறை சிதைந்தால் செய்தி தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. அதனால்தான் ஒருவருக்குப் பார்வை மங்குகிறது, இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகிறது, வேறொருவருக்கு வெளியில் ஒன்றுமே தெரியாமல் ஆளை அடித்துப் போடும் அசதி. பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக அதிகம் காணப்படும் நோய் என்பதால் நம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10 லட்சம் பேருக்கு இருக்கிறது. தொற்றாது.

“இத்தனை வருஷம் சைக்கிள் விட்டு என்ன கண்டீர்கள்?” என்று ஒரு மாமா நிச்சயம் கேட்பார். பதில் கையில் இருக்கட்டும். எம்.எஸ்.ஸுக்கான இந்த வகைப் பயணம் 1980இல் மின்னசோட்டாவில் தொடங்கியது, ஹூஸ்டனில் 1985இல். அப்போது இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுகூட அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. முதல் மருந்து 1993இல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே படிப்படியாகக் கூடிக்கொண்டு போகும் வகைக்கு 2017 வரை ஒன்றும் இல்லை. இன்று இருபதுக்கும் மேல் இருக்கின்றன. முழுக் குணம் இன்னும் இல்லை. நாம் திரட்டும் பணம் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கான உதவிக்கும் போகிறது. ஹூஸ்டன் பயணம் மட்டும் ஒரே ஆண்டில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. மாமாவிடம் இதைச் சொல்லிவிட்டு 101 டாலர் கேளுங்கள்.

3. இருக்கிற சைக்கிளே போதும், அளவு சரியாக இருந்தால்.

ஐயாயிரம் டாலர் கார்பன் சைக்கிளில் வந்து முதல் நாள் மத்தியானம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். சீட் உயரம்தான் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கடையில் ஒரு மணி நேரம் செலவழித்து உங்கள் உடம்புக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். டெக்சாஸ் கிராமத்துச் சாலைகளில் தாரில் ஜல்லி பதித்த கரடுமுரடான பரப்புதான் அதிகம். டயர் மெலிசாக இருந்தால் கைவிரல் நுனி வரை அதிரும். பஞ்சர் ஆனால் ட்யூப் மாற்ற வீட்டில் பழகுங்கள், கராஜில், யாரும் அவசரப்படுத்தாதபோது.

ஹெல்மெட் இல்லாமல் தொடங்கவே விடமாட்டார்கள். காதில் பாட்டுக் கருவி கூடாது.

4. ஹூஸ்டனில் மேடு கிடையாது. வழியில் உண்டு.

டெர்ரி ஹெர்ஷி பூங்காப் பாதையில் வாரநாள் மாலைகளில் சுற்றுவது மூச்சுக்கு நல்லது. ஆனால் அது தட்டையான தரை. பெல்வில் தாண்டி ஃபயெட் கவுன்ட்டிக்குள் போனால் நிலம் ஏறி இறங்கத் தொடங்கும். சனிக்கிழமைகளில் ஸூப் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு வடமேற்கே போகும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். தூரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் நூறு மைல் ஓட்டிப் பார்ப்பதைவிட, சனி அறுபது, ஞாயிறு ஐம்பது என்று அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் அந்தச் சீட்டில் மறுபடி உட்காருவதுதான் உண்மையான பரீட்சை.

5. பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கருக்குள் ஜட்டி போடக் கூடாது. இதை உங்களிடம் வேறு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உராயும் இடத்தில் களிம்பு தடவுங்கள்.

6. பசிக்குமுன் தின்னுங்கள், தாகத்துக்கு முன் குடியுங்கள்.

பத்துப் பன்னிரண்டு மைலுக்கு ஒரு ஓய்விடம் இருக்கும். தண்ணீர், வாழைப்பழம், ஆரஞ்சு, நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி எல்லாம் தன்னார்வலர்கள் கொடுப்பார்கள். ஊறுகாய்ச் சாறும் சின்னக் கோப்பையில் வரும். நம் ஊறுகாய் இல்லை, வெள்ளரி ஊறிய உப்புநீர். முகம் சுளிக்காமல் குடியுங்கள், தசைப்பிடிப்புக்கு நிறையப் பேர் அதை நம்புகிறார்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். அதனால் உப்பும் சேர வேண்டும். சைவர்கள் சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்த ஜெல்லும் அதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை இரவு தயிர் சாதம், சீக்கிரம் படுக்கை. பயிற்சியில் தின்னாத எதையும் அன்று புதிதாகத் தின்னாதீர்கள்.

7. காற்றோடு சண்டை போடாதீர்கள்.

ஏப்ரலில் வளைகுடாப் பக்கமிருந்து தெற்குக் காற்று அடிக்கும். குளிர்காற்று ஒன்று வடக்கிலிருந்து இறங்கினால் மறுநாளே திசை மாறிவிடும். எதிர்காற்றில் வேகமானியைப் பார்த்தால் அழுகைதான் வரும். கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, கால் சுற்றும் வேகம் மாறாமல் போய்க்கொண்டிருங்கள். இடி மின்னல் இருந்தால் அமைப்பாளர்கள் ஒரு நாளையே ரத்து செய்வார்கள். அதற்காக நன்கொடையைத் திருப்பிக் கேட்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

8. ஆயிரக்கணக்கான சைக்கிள் நடுவே வாய்தான் பெல்.

இங்கே சாலையின் வலது ஓரமாகப் போக வேண்டும். நம் ஊர்க் கை பழக்கத்தில் இடதுபக்கம் இழுக்கும், ஜாக்கிரதை. முந்துகிறவர் இடதுபுறமாக வந்து, “உங்கள் இடப்பக்கம்” என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டுச் சொல்வார். நீங்களும் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு முணுமுணுத்தால் யாருக்கும் கேட்காது. நிற்கப் போகிறீர்கள், வேகம் குறைக்கிறீர்கள், கீழே பள்ளம், பின்னால் கார், எல்லாவற்றையும் கத்திச் சொல்லுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரத்தை ஒட்டாதீர்கள். உரசினால் விழுவது பின்னால் வருகிறவர்தான், அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள். படம் எடுக்க வேண்டுமா? சாலையை விட்டுக் கீழே இறங்கி எடுங்கள். ஓரமெல்லாம் நீலப் பூக்கள் பூத்திருக்கும், நடுரோட்டில் நின்றவர்களால்தான் ஆண்டுதோறும் விபத்து.

9. இது பந்தயம் இல்லை.

யார் முதலில் வந்தார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. வழியில் உதவி வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். முடியவில்லை என்றால் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளுங்கள். அடுத்த ஓய்விடத்தில் இறங்கித் தொடரலாம், அல்லது இரவுத் தங்குமிடம் வரை போகலாம். நன்கொடை கொடுத்தவர்கள் உங்கள் காலுக்குக் கொடுக்கவில்லை. நெஞ்சு படபடத்தாலோ வியர்ப்பது நின்றுவிட்டாலோ ரோஷம் பார்க்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பிப்ரவரியிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நம் பரம்பரையில் இதய நோயும் சர்க்கரையும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

10. இரவு லா கிராஞ்சில்.

பயணம் பல்லாண்டுகளாக ஆஸ்டினில் முடிந்தது, அண்மைக் காலத்தில் காலேஜ் ஸ்டேஷனில். நடுவில் தங்குவது லா கிராஞ்ச் பொருட்காட்சித் திடலில். கம்பெனிக்கு ஒரு கூடாரம். குளியல் வண்டிகளுக்கு நீளமான வரிசை நிற்கும், வந்தவுடன் குளித்துவிடுங்கள், அப்புறம் சாப்பாடு. காதடைப்பான் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஐம்பது என்ஜினீயர்கள் ஒரே கூரையின் கீழ் விடும் குறட்டையை எந்தப் பல்கலைக்கழகமும் அளந்ததில்லை. போனுக்கு மின்கலம், மறுநாளைக்கு உலர்ந்த காலுறை, விடியற்காலைக் குளிருக்கு ஒரு மெல்லிய மேல்சட்டை. இவ்வளவு போதும்.

11. நோய் உள்ளவர்களும் உங்களோடு ஓட்டுகிறார்கள்.

‘நான் எம்.எஸ்ஸோடு ஓட்டுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஜெர்சி போட்டவர்களைப் பார்ப்பீர்கள். “பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியலையே” என்று பாராட்டுவதாக நினைத்துச் சொல்லிவிடாதீர்கள். வெளியில் தெரியாத அசதியோடு நாள் முழுக்கப் போராடுகிறவருக்கு அதைப்போல எரிச்சல் மூட்டும் பேச்சு வேறில்லை. உடம்புச் சூடு ஏறினால் இவர்களில் சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மங்கும், கால் தள்ளாடும். குளிர்ந்ததும் சரியாகும். ஆகவே ஓய்விடத்தில் நிழலையும் ஐஸையும் அவர்களுக்கு முதலில் விடுங்கள். ‘தைரியசாலி’ என்று தோளில் தட்ட வேண்டாம். எந்த ஊர், எந்தக் குழு என்று மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள். அவர்களாகச் சொன்னால் நோயைப் பற்றிக் கேளுங்கள். மஞ்சள் பாலும் யோகாசனமும் பரிந்துரைக்கிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

12. திங்கட்கிழமை காலை.

உட்கார முடியாவிட்டால் நின்றுகொண்டே நன்றிக் கடிதம் எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒரு படத்தோடு. “போனபிறகு தருகிறேன்” என்று சொன்ன மாமாவை அன்றே பிடியுங்கள், பயணம் முடிந்தும் சில வாரங்கள் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். கம்பெனியின் சமபங்குப் படிவத்தைப் பாதிப் பேர் நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். போன் போட்டு, அவர்கள் கணினி முன்னால் உட்காரும் வரை போனை வைக்காதீர்கள்.